செருகாத வயர்

மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் பழகிய நான், நாற்பது வயதில் சின்னமனூர் இசைக்குழு ஒன்றில் சேர்ந்தேன். மற்றவர்கள் என்னைவிட இளையவர்கள். ஆனால் மேடையில் பழுத்தவர்கள்.

முதல் கச்சேரியைக் கேட்க என் மனைவி மலையிறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிரம்ஸ் இரைச்சலில் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. மேடை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கச்சேரி முடிந்து கிட்டார் வயரைச் சுருட்டும்போதுதான், அதன் மறுமுனை ஆம்ப்ளிபயரில் செருகப்படாமல் கிடப்பதைப் பார்த்தேன்.

"நாந்தான் உருவிவிட்டேன்" என்றான் கீபோர்டு வாசிப்பவன். "ஒத்திகையிலயே ரெண்டு எடத்துல தப்பு விட்டீகண்ணே. ஒங்களால எங்க பேரு கெடணுமா?"

வயரைப் பைக்குள் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

கீழே மனைவி சிரித்த முகமாக நின்றாள். "எல்லாத்தையும் தாண்டி ஒங்க கிட்டாரு தனியாக் கேட்டுச்சு" என்றாள்.

அதன்பின் நான் மேடையேறவில்லை. ஏன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் வேலையைக் காரணம் சொல்கிறேன்.