மூன்று சாட்சிகளும் ஒரு குதிரையும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அம்மாளிடம் வம்பு பேசி ஜெயித்தவர் கிடையாது. "மாடி வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டார்" என்று கணவர் ஆரம்பித்தால், "விட்டுட்டாரா, விட்டுட்டாராமா?" என்பார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் மனிதர் ஊர்க்கதை பேசுவதையே விட்டுவிட்டார்.

அந்த அம்மாளின் மேசைக்குத்தான் லாடக்காரர் வழக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக் குதிரை லாயம் ஒன்றில் லாடம் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். பந்தயக் குதிரையைத் திருடிய ஆள், எங்களிடம் ஒப்படையுங்கள் என்று அந்த நாடு முந்நூறு பக்கம் அனுப்பியிருந்தது. கூடவே அவர்களே செய்த மொழிபெயர்ப்பு. அதை மூலத்தோடு ஒத்துப்பார்ப்பது அம்மாளின் வேலை.

விசாரணையன்று லாடக்காரர் கூண்டிலேயே குதித்தார். "ஐயா, அன்னிக்கு நான் பல்லைப் பிடுங்கிக்கிட்டுப் படுத்திருந்தேன்!"

"அதை அங்க போய்ச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. "நீங்க திருடினீங்களான்னு முடிவு பண்றது என் வேலை இல்லை. இந்தச் சாட்சியத்தை வச்சு ஒரு வழக்கு நடத்த முடியுமா? அவ்வளவுதான் பார்ப்பேன்."

"பல்லு..."

"வாயை மூடுங்க!" இது நீதிபதி அல்ல, பின்வரிசையிலிருந்து லாடக்காரரின் மனைவி.

அரசு வக்கீல் மூன்று சாட்சிகளை விரல்விட்டு எண்ணினார்: லாயத்துக் காவலாளி, சமையல்காரர், குதிரை ஓட்டுபவர். அம்மாள் எழுந்தார்.

"மொழிபெயர்ப்புல இருக்கிற மாதிரி மூலத்துல 'குதிரையைக் கொண்டுபோனார்'னு இல்லைங்க ஐயா. நம்ம மொழியில சொன்னா 'கொண்டுபோனாராம்'னு இருக்கு. மூணு பேருமே அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"ஒரு 'ஆம்'தானேம்மா?" என்றார் வக்கீல்.

"அந்த 'ஆம்' இருந்தா, அவங்க யாரும் பார்க்கலைன்னு அர்த்தம்."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காவலாளிக்கு யார் சொன்னது?"

"சமையல்காரர்."

"சமையல்காரருக்கு?"

"குதிரை ஓட்டுறவர்."

"அவருக்கு?"

அம்மாள் இரண்டு முறை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "காவலாளிங்க ஐயா."

 யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லாத கோரிக்கையை ஏற்க முடியாது, புதுச் சாட்சியம் கிடைத்தால் அந்த நாடு மறுபடி கேட்கலாம் என்று தீர்ப்பானது.

வராந்தாவில் லாடக்காரர் அம்மாளை மறித்துக்கொண்டார். முகத்தில் விடுதலையான களையே இல்லை.

"அம்மா, ஒன்றரை வருஷமா அந்தப் பல்லு கதையை ஒருத்தர் கேட்கலை. நீங்களாவது கேளுங்க."

அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "எந்தப் பக்கப் பல்லு?" என்றார்.