காயம் கழுவும் தண்ணீருக்காகக் கொட்டாஞ்சேனை வரை

மருத்துவ ஆய்வுக்காகக் கொழும்பு வரும் சிலர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். போர்க்காலத்தில் நான் போன வழியைச் சொல்கிறேன். என்னோடு மருத்துவம் படித்து, அப்போது வவுனியாவில் டொக்டராக இருந்த என் தோழி கௌரி, தொற்றுநீக்கி வந்துசேராத நாட்களில் காயங்களைக் கொதித்தாறிய தண்ணீரால் கழுவலாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். அதற்கு ஓர் ஆய்வைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடியெடுத்து, தரம் பார்த்து, சேர்த்து எடைபோட வேண்டும். முறைசார் மீளாய்வு என்பது அதுதான். மூன்று வாரம் தனியே தேடி ஒன்பது கட்டுரைகள் வைத்திருந்தேன். போதும் என்றுதான் நினைத்தேன். நூலகர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடலாமென்று அவற்றோடு புறப்பட்டேன்.

வெள்ளவத்தையில் காலை 7.10க்கு பஸ் ஏறினேன். புறக்கோட்டைக்கு ஒன்பது கிலோமீற்றர்தான். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்ததில் ஒன்றேகால் மணிநேரம் போனது. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ, நூறு ரூபா. மருத்துவ நூலகம் அங்கே ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். ஒரே கணினி. நூலகர் ஸ்டெல்லா மிஸ்.

அவர் என் கட்டுரைகளைத் தொடவேயில்லை. காயத்துக்கு எத்தனை சொல் போட்டுத் தேடினேன் என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்: வெட்டு, கிழிசல், சிராய்ப்பு, வெடிகாயம், எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு சொல் எப்படி முடிந்தாலும் அகப்பட அதன் பின்னால் நட்சத்திரக் குறி. மதியத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் கட்டுரைத் தலைப்புகள் வந்து நின்றன. எனக்குப் பிடிக்காத விடை சொன்ன ஆய்வுகளும் அதில் இருந்தன. தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெண், வெடிகாயம் என்ற சொல், நிறைய நட்சத்திரங்கள். சங்கேத எழுத்து என்று என்னைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்த சிங்களமும் அப்போது வாயில் வரவில்லை. தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த நூலகத் தொலைபேசி எண்ணுக்கு அவர்களே போன் எடுத்தார்கள்.

ஐம்பது நிமிடத்தில் ஸ்டெல்லா மிஸ் வந்துவிட்டார். வராமல் இருந்திருக்கலாம், அவரும் தமிழர்தான். வரிக்கு வரி விரல் வைத்துச் சிங்களத்தில் விளக்கினார். இன்ஸ்பெக்டர் கடைசியில், சரி, தண்ணீர் போதுமா என்று கேட்டார். மிஸ்தான் பதில் சொன்னார்:

"இன்னும் தெரியாது, சேர். தெரியாதபடியாத்தான் எல்லாத்தையும் பார்க்கிறம்."

அவர் தாளை மடித்துத் தந்தார். வெளியே வந்த பிறகு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மீளாய்வை முடிக்கப் பதினொரு மாதம் எடுத்தது. சுத்தமான தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கழுவலாம் என்று, எந்தக் காயங்களுக்குச் சான்று போதாது என்பதையும் சேர்த்துக் கௌரிக்கு எழுதினோம். அந்த வாரமே வார்டில் அடுப்பு வைத்துவிட்டதாகப் பதில் வந்தது.

போகிறவர்களுக்கு: தேடத் தொடங்குமுன் நூலகரிடம் போங்கள், தேடி முடித்த பின் அல்ல. அரை நாள் ஒதுக்குங்கள். ஆசிரியர் வரிசையில் அவர் பெயரையும் போடுங்கள். நாங்கள் போட்டோம். அச்சுப்படியில் மிஸ் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தேடிய திகதியை நான் ஒரு நாள் பிழையாக எழுதியிருப்பதைக் காட்டினார்.

"பின்னால வாற ஆள் இதைப் பார்த்துத்தான் நடக்கும், டொக்டர்."