கடலுக்கு முதுகு காட்டி நின்றோம்

1. விடுமுறை சேர்ந்து வந்ததால், அலுவலகத் தோழிகள் மூவரும் மும்பையிலிருந்து அலிபாக்குக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குடிலில் தங்கப் போனோம்.

2. மறுநாள், கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில், எதிரே தெரிந்த பாறைத்திட்டுக்கு ஈர மணலில் நடந்தே போனோம்.

3. இருவர் திரும்பி வந்துவிட்டோம். அக்கா பின்தங்கிவிட்டார்.

4. கடல் ஏறத் தொடங்கியது.

5. நாங்கள் இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம்.

அழுத்தமானிகளைச் சோதிப்பது என் வேலை. எந்தக் கோளாறு வந்தாலும் நடந்ததை எண் போட்டு எழுதிவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். இந்த வரிசையை எழுதிப் பார்த்தும் அது குறையவில்லை. ஐந்தாவது வரியை மட்டும் படிக்கிறவர்கள், இவர்களெல்லாம் என்ன தோழிகள் என்று கேட்பார்கள். அதற்கு ரயிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா எனக்கு உறவில்லை. முலுண்டில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். பள்ளிக்குப் போகும் ஒரு மகள் உண்டு. பிறந்து வளர்ந்தது தாராவியில் என்றாலும் அவர் பேசுவது திருநெல்வேலித் தமிழ். காலையில் நான் மாட்டுங்காவில் ஏறுவேன். அவர் சயானில் ஏறுவார். மூன்றாமவளான செம்பூர்த் தோழி குர்லாவில் வண்டி மாறி எங்களோடு சேர்ந்துகொள்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், வண்டி நகர ஆரம்பித்த பிறகு அவள் நடைமேடையில் எங்கள் பெட்டியை நோக்கி ஓடி வந்தாள். நான் வாசலில் நின்று கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தார்.

“கைய உள்ள இழுட்டி! நீட்டுன கையப் பாத்தா காலு தானா ஓடும். அவளுக்கு முதுகக் காட்டு!”

இருவரும் திரும்பி நின்றோம். அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அடுத்த வண்டியில் வந்தாள். சாப்பாட்டு வேளையில் சண்டை பிடித்தாள். “என்ன இது, என்னைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிண்டேளே, நான் என்ன பிசாசா?”

அக்கா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “கோவிச்சுக்கதுக்கு ஆளு முழுசா வந்து சேந்திருக்கல்லா? நல்லாக் கோவிச்சுக்கோ.”

அன்றிலிருந்து அது எங்கள் மூவருக்கும் பழக்கமாகிவிட்டது. ஓடும் வண்டிக்கு யார் ஓடி வந்தாலும் உள்ளே இருப்பவர்கள் திரும்பிக்கொள்வோம். ஓடுகிறவள் நின்றுவிடுவாள். வெளியாள் பார்த்தால் கல்நெஞ்சக்காரிகள் என்றுதான் நினைப்பார்.

குடில் என்றால் தென்னங்கீற்றுக் கூரை, இரண்டு கயிற்றுக் கட்டில், வாசலிலேயே கடல். அதைக் கவனித்துக்கொண்டது ஒரு மராத்தித் தம்பதி. அந்த அம்மாவை அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல மாவ்ஷி, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டோம். வறுத்த மீனும் அரிசி மாவு பாக்ரி ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரில் விழுந்துவிடும் என்று கைபேசிகளைக் குடிலிலேயே வைத்துவிட்டு, பாறைத்திட்டுக்குப் போனோம். கரையை ஒட்டி ஒரு பள்ளம் இருந்தது. அதில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதைத் தாண்டினால் மேடான மணல், பிறகு பாறை. திரும்பும்போது அக்கா, “நீங்க நடங்கட்டி, பிள்ளைக்கு நாலு சிப்பி பொறக்கிட்டு வாரேன்” என்றார். நாங்கள் பேசிக்கொண்டே வந்துவிட்டோம்.

கரையில் தேநீரோடு நின்ற மாவ்ஷி, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நடந்து வந்த பள்ளத்தில் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நடு மணலில் இருந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். சிப்பிகளை முடிந்திருந்த துப்பட்டாவை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியாது.

மாவ்ஷியின் கணவர் படகை எடுக்க முகத்துவாரத்துக்கு ஓடினார். அவர் சுற்றி வர நேரமாகும். மாவ்ஷி அவசர அவசரமாகச் சொன்னார்: இந்தப் பக்கத்துப் பள்ளம்தான் முதலில் நிரம்பும், இப்போதே ஆள் மூழ்கும் ஆழம், அந்தப் பக்கம் இன்னும் ஆழமில்லை, அவள் பாறைக்கே திரும்பிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். நாங்கள் கத்தினோம். காற்று கடலிலிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. குரல் எங்கள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. செம்பூர்த் தோழி கையை ஆட்டினாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு நடையை வேகமாக்கினார். போ என்று நாங்கள் காட்டிய சைகை, அங்கிருந்து வா என்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கையைப் பிடித்து இறக்கினேன். “திரும்பு” என்றேன்.

“பைத்தியமா உனக்கு? அக்கா அங்க...”

“குர்லா ஞாபகம் இருக்கா? திரும்புடி!”

திரும்பினோம்.

அதற்குப் பிறகு நின்ற நேரத்தை எதனால் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே தென்னை மரங்கள், கொடியில் எங்கள் துணிகள், ஆறிக்கொண்டிருந்த தேநீர். பின்னால் கடலின் சத்தம். சோதனைக்கூடத்தில் ஒரு கருவி எந்த அழுத்தத்தில் உடையும் என்று பார்க்கும்போது, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாலும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். இங்கே பார்க்காமல் இருப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. என் கணக்கு தப்பாக இருந்தால்? நாங்கள் விட்டுவிட்டுப் போகிறோம் என்று மிரண்டு அவர் பள்ளத்தில் இறங்கிவிட்டால்? தோழி விசும்பினாள். “ஒரே ஒரு தடவ பாத்துக்கறேனே.” நான் அவள் தோளை விடவில்லை.

மாவ்ஷி மட்டும் கடலைப் பார்த்து, எங்களுக்கு எதிரே நின்றார். அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் திறந்தது. கை மார்புக்குப் போனது. கண்கள் ஏதோ ஒன்றைத் தொடர்ந்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன. அது ஆளா, மிதந்து போகும் துப்பட்டாவா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “திரும்பிவிட்டாள், பாறையில் ஏறுகிறாள்” என்று மராத்தியில் சொன்னதைப் புரிந்துகொள்ளவே சற்று நேரம் பிடித்தது.

வெளிச்சம் இருக்கும்போதே படகில் அக்காவைக் கொண்டுவந்தார்கள். உதடு வெளுத்திருந்தது, முழங்கால் சிராய்த்திருந்தது, துப்பட்டாவைக் காணோம். கம்பளியைப் போர்த்தித் தேநீர் கொடுத்தோம். டம்ளர் பல்லில் இடித்துச் சத்தம் போட்டது. செம்பூர்த் தோழி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அழாதட்டி” என்றார் அக்கா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க திரும்புனதப் பாத்தேன். எதுக்குன்னு உடனே விளங்கிட்டு. அதான் திரும்பினேன். ஆனா விளங்குனதுக்குப் பெறவும், தண்ணிக்குள்ள நிக்கையில, நம்ம போறதப் பாக்கக்கூட ஆளில்லையேன்னு இருந்துச்சு.”

நான் செய்தது சரிதான் என்று செம்பூர்த் தோழி சொல்கிறாள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அக்கா சொன்ன கடைசி வாக்கியத்தை என் வரிசையில் எந்த எண்ணில் போடுவது என்று தெரியவில்லை. இவ்வளவு காலமும், வாசலில் நின்று முதுகைத் திருப்பிக்கொண்டவளின் பக்கத்திலிருந்து மட்டுமே அந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நடைமேடையில் மூச்சிரைக்க நிற்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் கேட்டதே இல்லை. பிசாசா என்று கேட்டவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அக்கா நலமாக இருக்கிறார். வேலைக்கு வருகிறார். நடந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் ரயிலில், “தீபாவளி லீவுல திரும்ப அங்க போவமா? பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. செம்பூர்த் தோழி உடனே தலையாட்டிவிட்டாள். நான் அந்த வாரத்தில் அங்கே கடல் ஏறும் நேரங்களை எண் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.