திறக்காமலே சொன்ன எட்டு பின்

இந்தத் தீவில், டாலிகஞ்சில் ஒரு சின்னக் கடை வைத்து மொபைல், மிக்ஸி, டார்ச் லைட் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் என் வாய்க்கு வராது. அது ஒரு வியாதி.

பக்கத்து ஊர் கராச்சர்மாவிலிருந்து ஒரு டீச்சர் ரயில் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை இல்லை. அசல் என்ஜினை அச்சு அசலாகச் சுருக்கிய மாடல். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு எப்போதோ எரிந்துபோய்க் கழற்றிவிட்டார்களாம். புதுசு வாங்க, உள்ளே இருக்கும் சாக்கெட்டில் எத்தனை பின் என்று தெரிய வேண்டும். ஸ்கூல் கண்காட்சிக்கு முன் என்ஜின் ஓடியாக வேண்டும். “எங்க பிள்ளைங்க பாதிப் பேர் ரயிலே பார்த்ததில்ல பாய்” என்றார். தீவில் ஏது தண்டவாளம்?

மூடியின் ஸ்க்ரூ உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தால் கழன்றிருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. நெட்டில் தேடினேன்; பெரும்பாலும் எட்டு பின்தான் என்று யாரோ எழுதியிருந்தார்கள். “திறந்து பார்த்துட்டேன் டீச்சர், எட்டு பின்” என்று போனில் சொல்லிவிட்டு, சென்னைக் கடை ஒன்றில் ஆர்டரும் போட்டேன்.

பார்சல் கப்பலேறி வந்துசேர மூன்று வாரம் ஆனது. அன்றுதான் மூடியைத் திறந்தேன். ஒரே வரிசையில் ஆறு பொடித் துளைகள். கையிலிருந்த புது போர்டின் பிளக்கிலோ இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு பின். மாட்ட வழியே இல்லை. மறுநாள் கண்காட்சி.

இங்கே எந்தக் கடைக்காரனிடமும் ஒரு சாக்கு தயாராக இருக்கும்: கப்பல் லேட், இல்லாவிட்டால் மெயின்லேண்டில் மாற்றி அனுப்பிவிட்டான். எல்லாரும் அதில் பட்டவர்கள், அதனால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நானும் அந்த இரண்டாவதைச் சொன்னேன். “நம்ம ஐலண்டுன்னா அவங்களுக்கு இளக்காரம்தான். கோயி பாத் நஹி, பரவாயில்ல பாய், நீங்க என்ன பண்ணுவீங்க” என்று டீச்சர் என்னைத் தேற்றினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

கண்காட்சிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்ததால் போனேன். பிள்ளைகள் என்ஜினை விரலால் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “ஏன் டீச்சர் தானா ஓடல?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. மெயின்லேண்டில் தப்பான பார்ட்டை அனுப்பிவிட்டார்கள் என்று என் பொய்யை அப்படியே அவளிடம் சொன்னார் டீச்சர். பிறகு என்னைக் காட்டி, “நமக்காக இந்த அங்கிள் மூணு வாரமா பாடுபட்டாங்க. எல்லாரும் கை தட்டுங்க” என்றார்.

தட்டினார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு, அவர்கள் தட்டி முடிக்கும்வரை நின்றேன்.