வாடகையில் பங்கா, கிலோமீட்டருக்குக் காசா

பதினாறு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டினேன். தக்காளி, மாங்கூழ் டப்பா, கிரானைட் கல், மோட்டார் உதிரிபாகம் என்று எதையெல்லாமோ ஏற்றிப்போய் எங்கெங்கோ இறக்கியிருக்கிறேன். அந்த லோடுக்கு என்ன வாடகை பேசியிருக்கிறார்கள் என்று மட்டும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாரண்டஹள்ளி பஸ் ஏறிவிடுவேன்.

சொந்தமாக வண்டி வாங்கியது நாற்பத்தோராவது வயதில். பழைய பத்துச் சக்கர லாரி. பாதிக்கு மேல் ஃபைனான்ஸ். மீதியில் பெரும்பங்கு, என் மனைவி ஓசூரில் துணிக் கம்பெனியில் ஒன்பது வருடம் தைத்துச் சேர்ந்த பி.எஃப். பணம். வேலையை விட்டால்தான் அது முழுதாக வரும் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் தடுத்தேன். "வண்டி வந்தா நீங்க முதலாளி. நான் முதலாளி பொண்டாட்டி. அப்பறம் எதுக்கு வேலை?" என்று சிரித்தாள்.

வண்டியை ஓசூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் சேர்த்தேன். லோடு பிடித்துத் தருவது அவர்கள் வேலை. டீசல், டோல், டயர் எல்லாம் என் பாடு. மேனேஜருக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு விதமா தரலாங்க. ஒண்ணு, வாடகையில பங்கு. நூத்துக்கு எம்பத்தஞ்சு உங்களுக்கு. ஆனா வண்டி காலியா வந்தா ஒண்ணும் கெடையாது. இன்னொண்ணு, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு. லோடோட போனாலும் சரி, காலியா வந்தாலும் சரி, ஒரே ரேட்டு. ஆனா வாடகை எவ்வளவுன்னு கேக்கக் கூடாது."

நான் யோசிக்கவே இல்லை. "பங்கு" என்றேன். லாபம் பார்த்துச் சொல்லவில்லை. பங்கு என்றால் வாடகைச் சீட்டை எனக்குக் காட்டியாக வேண்டும். முதல் நடை முடிந்து அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது, படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. ஓசூரிலிருந்து பூனாவுக்கு உதிரிபாகம். திரும்பி வரும்போது வெங்காயமோ சர்க்கரையோ. அப்புறம் மழைக்காலம் வந்தது. பூனாவில் இறக்கிவிட்டுப் பார்த்தால் ரிட்டன் லோடு இல்லை. இருந்தாலும் பாதி வாடகைக்குக் கேட்டார்கள். பாதியில் எனக்குப் பங்கு என்ன வரும்? நாளைக்கு ஏறும், நாளன்றைக்கு ஏறும் என்று லாரி நிறுத்தத்தில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நாளில்தான் என் மச்சினனுக்குக் கல்யாணம், நல்லம்பள்ளியில். தாலி கட்டுவதைப் போனில் வீடியோவாகப் பார்த்தேன். கடைசியில், முதல் நாள் வேண்டாமென்று தள்ளிய வாடகையைவிடக் குறைந்த வாடகைக்கு லோடு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு எனக்கென்று எடுத்திருந்த சட்டையை மனைவி பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டாள். மறு வாரம் ஆபீஸுக்குப் போய்க் கிலோமீட்டர் கணக்குக்கு மாறிக்கொண்டேன்.

இனிக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. சக்கரம் உருண்டால்தான் காசு என்று ஆனபின், வண்டியை நிறுத்த மனசே வருவதில்லை. டீக்கடையைப் பார்த்தால், இந்நேரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் போயிருக்கலாமே என்று தோன்றும். சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி ஒரு கையால் தின்றுகொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தூங்கி விழுவேன்.

கோடை விடுமுறையில் மகள் தன் பாட்டி வீட்டுக்குப் போனாள். "இந்த வாட்டி நானும் பூனாவுக்கு வரேன்" என்றாள் மனைவி. ஊர் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சித்ரதுர்கா தாண்டி, காலை பதினோரு மணி வெயில். மலைமேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "ஏங்க, எங்கனாச்சும் நிறுத்துங்க" என்றாள். "இதோ, பெட்ரோல் பங்க் வந்துரும்" என்றேன். பங்க் வந்தது. எதிர்ப் பக்கம் இருந்ததால் நிற்காமல் போனேன். அடுத்த பெட்ரோல் பங்க்கில் வரிசையாக வண்டிகள் நின்றன, அதையும் தாண்டினேன். மூன்றாவது முறை அவள் குரல் மாறியிருந்தது.

"எத்தன வாட்டிங்க சொல்றது? நான் பொம்பள. உங்களாட்டம் டயர் பக்கத்துல போய் நின்னுக்க முடியாது. நிறுத்துங்க."

நிறுத்தினேன். சாலையை ஒட்டி ஒரு மக்காச்சோளக் காடு, அதன் நடுவில் ஓட்டு வீடு. என் மனைவி பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. வாசலில் நின்ற அம்மாளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏறு புள்ள, நேரமாவுது."

"ஏறல. உங்க கண்ண மொதல்ல கண்ணாடியில பாருங்க. ரத்தமாட்டம் கெடக்குது. நீங்க தூங்கி எந்திரிக்கற வரைக்கும் நான் ஏறப்போறதில்ல."

கத்திப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். கேபினில் படுத்தேன், ஒரு மணி நேரம் என்று சொல்லி. எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாலு மணி நேரம் போயிருந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என் போன் அவள் மடியில் இருந்தது.

"மேனேஜருகிட்டப் பேசினேன்" என்றாள்.

"என்னா பேசின?"

"லோடோட போறப்போ வாடகையில பங்கு குடுங்க. காலியா வந்தா கிலோமீட்டருக்குக் குடுங்க. எறக்கிட்டு ஒரு நாளைக்கு மேல நிக்கவெச்சா, நிக்கறதுக்கும் ஒரு காசு குடுங்கன்னேன்."

"உனக்கு இதெல்லாம் என்னா தெரியும்?"

"ஒம்பது வருசம் தெச்சிருக்கறேங்க. பீஸ் ரேட்டும் பாத்தேன், மாசச் சம்பளமும் பாத்தேன். பீஸ் ரேட்டுல அவசரப்பட்டு விரல ஊசிக்குக் குடுத்தவங்க எத்தன பேரு! உங்களுக்கு விரலு இல்ல, உசுரு." அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

மோர்ச் சொம்பைக் கழுவி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பூனா வரைக்கும் நாலு இடத்தில் நிறுத்தினேன்.

மேனேஜர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இங்க இல்லாத பழக்கமுங்க. உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னபடியே ஆனது. விஷயம் எப்படியோ பரவி, என்னைப் போல ஒற்றை வண்டி வைத்திருக்கிற நாலு பேர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அந்த மாதம் இரண்டு வண்டிகள் வேறு ஆபீஸுக்குப் போய்விட்டன. மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "மூணு மாசம் பாப்போம். எனக்குக் கட்டுப்படியாவலைன்னா பழையபடிதான். சம்மதமா?"

சம்மதம் என்றேன். மூன்று மாதம் முடிந்தபோது அவர் பழையபடி என்ற பேச்சையே எடுக்கவில்லை. வண்டி காலியாக வந்தால் இப்போது அவர் கையிலிருந்தும் காசு போகிறது. அதனால் நான் இறக்கி முடிப்பதற்குள்ளாகவே ரிட்டன் லோடுக்கு ஆள் பிடித்துவிடுகிறார். முன்பு எனக்கு மட்டும் இருந்த அவசரம் இப்போது ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வருடம் இரண்டு டயர் ஒரே வாரத்தில் போயின. வாடகை படுத்த மாதங்களில் ஃபைனான்ஸ் தவணைக்கு இன்னமும் மூச்சுத் திணறுகிறது. ஆனால் தூக்கத்தை விற்றுக் கட்டுவதில்லை.

மேனேஜர் ஒரு நாள் என் மனைவியைப் பற்றிக் கேட்டார். தாவணகெரே, ஹூப்ளி பக்கம் லோடு ஏஜெண்டுகளிடம் கன்னடத்தில் பேச ஆபீஸில் ஆள் இல்லையாம். வரச் சொல்வீர்களா என்றார். வீட்டில் சொன்னேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் ஓசூர் போனாள். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு என்று தானே பேசி முடித்துவிட்டு வந்தாள்.

இப்போது இருபத்திரண்டு வண்டிகளுக்கு அவள்தான் லோடு பார்க்கிறாள். போன வாரம் பூனாவில் இறக்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. ஆபீஸ் நம்பர்.

"கோலாப்பூர்ல சர்க்கரை லோடு இருக்குதுங்க. நாளைக்கிக் காலையில பத்து மணிக்கு ஏத்தறாங்க. வாடகை பரவால்ல."

"அப்ப இப்பவே கெளம்பறேன்."

"ஒண்ணும் அவசரமில்ல. சாப்ட்டுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுப் போங்க" என்றாள். பக்கத்தில் இன்னொரு போன் அடிக்கும் சத்தம் கேட்டது. "இருங்க, இன்னொரு டிரைவரு கூப்புடறாரு" என்று வைத்துவிட்டாள்.