வகுப்பில் காட்டிய கோடு

ஷாரோன் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு முன்கணிப்பு கற்றுத் தருகிறாள். போன மாதங்களின் எண்களை வரிசையாக வைத்து, வரப்போகும் மாதத்தின் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும் பாடம் அது. காலத்தொடர் என்று புத்தகத்தில் பெயர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. சிறு பிள்ளையிலிருந்து பார்த்தவன் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். வீட்டில் அவளும் அம்மா மரியம்மாளும் மட்டும். இதில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம். மற்றவை அவர்கள் இருவரும் தனித்தனியாகச் சொன்னவை. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன்.

மரியம்மாளுக்குச் சாயப்பட்டறையில் வேலை. தொட்டியிலிருந்து ஆவி பறக்க வரும் பட்டுநூலை வெந்நீரிலும் பிறகு தண்ணீரிலும் அலசி, மூங்கிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தரையில் செருப்பு வழுக்கும் என்பதால் வெறுங்கால். கணுக்கால் வரை அரக்குச் சாயம் ஏறியிருக்கும்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கூலியில்தான் ஷாரோன் சென்னைக்குப் போய்ப் புள்ளியியல் படித்தாள்.

ஐந்து வருடங்களுக்கு முன் மரியம்மாளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஷாரோன் ஏற்பாடு செய்தாள். வந்த எண்ணை அன்றே கணினியில் ஏற்றிவிடுவாள்.

இந்த ஊர்க் கணக்குகள் முதல் பாடத்துக்கு லாயக்கில்லை என்பது அவள் குறை. ஒரு டீக்கடையின் மாதாந்திரப் பால் கணக்கைக் கொடுத்தால், அத்திவரதர் தரிசனம் நடந்த 2019 ஜூலையில் கோடு கோபுரம்போல் எழும்பி, அடுத்த ஆண்டு ஊரடங்கில் தரையில் விழும். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வருவதைப் பத்து வருடக் கணக்கு எப்படிச் சொல்லும்? பட்டுப்புடவை விற்பனையோ கல்யாணம் இல்லாத ஆடியில் படுக்கும். அந்த ஆடி, ஜூலையில் பாதியும் ஆகஸ்டில் பாதியுமாகக் கிடக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஏற்ற இறக்கமில்லாத, அமைதியான ஒரு வரிசை வேண்டும். அம்மாவின் சர்க்கரை அப்படி இருந்தது. அதைத் திரையில் காட்டினாள்.

"யாருது மேம்?" என்று கேட்டான் விஷால் என்ற மாணவன்.

"எங்கம்மாவுது."

"செம சமத்தா இருக்குது மேம். எங்கப்பா சுகரைப் போட்டா ஈசிஜி மாதிரி வருது."

வகுப்பு சிரித்தது. தர்ஷினி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிறிஸ்மஸ் வீடு மேம் உங்களுது. ஜனவரி கொஞ்சமாவது ஏறணுமே? கேக்கே தொட மாட்டாங்களா?"

"வாயைக் கட்டினா ஏறாதும்மா. விஷால், உங்கப்பாகிட்டயும் சொல்லு."

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் மரியம்மாள் என்னிடமே வந்து, "அண்ணே, என் சக்கரைய வெச்சி எம்.எஸ்சி. பசங்க படிக்கிறாங்களாம். நான் மூணாம் கிளாஸ்" என்று சொல்லிச் சிரித்தார். பட்டறையிலும் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை டாக்டர், மூன்று மாத சராசரியைக் காட்டும் சோதனையையும் எடுத்துவிடலாம் என்றார். ஷாரோன் கைப்பேசியில் கோட்டைக் காட்டினாள். "இது போதும் டாக்டர். மூணு வருஷமா இப்படித்தான்." டாக்டர் பார்த்துவிட்டு, "நீங்களே டீச்சர்" என்று பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்.

போன ஐப்பசியில் அவர்கள் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்திருக்கும் என்று ஷாரோன் பீரோவை நகர்த்தினாள், அடுப்படியைக் கழுவினாள். நானும் போய்ப் பரணில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மா கட்டிலில் கால் நீட்டியபோதுதான் நாற்றம் அங்கிருந்து வருவது தெரிந்தது. இடது பாதத்தில் விரல்களுக்கு அடியில் சதை கறுத்துக் குழைந்திருந்தது. பட்டறையில் எப்போதோ வெந்நீர் கொட்டியிருக்கிறது. சர்க்கரையால் நரம்பு செத்த காலில் சுடவில்லை. புண்ணின் சிவப்பு சாயத்தின் சிவப்பில் தெரியவில்லை.

மருத்துவமனையில் சர்க்கரை முந்நூற்றுத் தொண்ணூறு என்றார்கள். மூன்று மாத சராசரியும் அதற்கேற்ற உயரத்தில் இருந்தது. ஷாரோன் ஒப்புக்கொள்ளவில்லை. "வேற யாரோட ரத்தமோ மாறிடுச்சு. மறுபடி எடுங்க" என்று ஆய்வகத்தில் சண்டை போட்டாள். மறுபடி எடுத்தார்கள். அதே எண்தான்.

மறுநாள் பட்டறையில் கூட வேலை செய்யும் நீலாம்பாள் ரொட்டியோடு பார்க்க வந்தார். ஷாரோன் ரிப்போர்ட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள்.

"எப்பவும் நூத்துப் பத்துதான் வரும் ஆன்ட்டி. எப்படி இவ்ளோ ஏறிச்சின்னே புரியல."

"நூத்துப் பத்து வராம? புதன்கிழமையே சோத்த நிறுத்திடுமே உங்கம்மா. வியாழன், வெள்ளி வெறும் கீரத்தண்ணி. வெள்ளி ராவு மாத்திரய ரெண்டா போட்டுக்கும். சனிக்கிழம ரத்தம் குடுத்துட்டு நேரா பட்டறைக்கு வந்து டீயும் பன்னும் ஒரு வெட்டு வெட்டும் பாரு. டீயில சக்கர தூக்கலா வேற. அப்புறம் அடுத்த மாசம் வரைக்கும் மகாராணிதான்."

"நீலா, வாய மூடு" என்றார் மரியம்மாள்.

ஷாரோன் அம்மாவையே பார்த்தாள். "ஏம்மா?"

"மொதல்ல நீ திட்டுவேன்னு ஒரு வேளை பட்டினி கெடந்தேன். அப்புறம் பாடம் நடத்துறேன்னு சொன்ன. எண்ணு ஏறிச்சினா அத்தினி பசங்க எதுர்ல உனக்கு அசிங்கம்தான?"

நான் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். ஷாரோன் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து உறையில் போட்டாள். பிறகு வராந்தாவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். "இவ்ளோ வருஷமா நான் எடுத்தது எல்லாம் அந்தச் சனிக்கிழமைங்கள மட்டும்தான் சார். மத்த நாளு எதுவுமே அதுல இல்ல" என்றாள்.

இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது ஷாரோன்.

அவள் கல்லூரிக்குத் திரும்பிய அன்று விஷால் எழுந்து நின்றிருக்கிறான். "அடுத்த ரீடிங் வந்துச்சா மேம்? என் போர்காஸ்ட் நூத்துப் பன்னெண்டு." விடுப்பில் போகுமுன் அவள் கொடுத்த வீட்டுப்பாடம் அது. பலகையில் 390 என்று எழுதினாள். யாரோ கிளுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். நடந்ததை அவள் அப்படியே சொன்னாள். ஒரு எண் கைக்கு வந்தால், அதை யார் கொடுத்தார்கள், யாருக்குப் பிடிக்கும் என்று கொடுத்தார்கள் எனக் கேட்க வேண்டும். தான் கேட்கவில்லை என்றாள். தர்ஷினி ஜனவரியைப் பற்றிக் கேட்டபோதும் கேட்கவில்லை என்றாள். பிறகு அந்த வரிசையை அழித்துவிட்டு, மழைக் கணக்கை எடுத்தாள்.

வெட்டிய இடம் சரியாக ஆறவில்லை. கிட்னியும் கெட ஆரம்பித்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் மாதம் ஒருமுறை, கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தங்கும் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஆய்வகத்துப் பெண் எந்த நாளில் வருவாள் என்று மரியம்மாளுக்குச் சொல்வதில்லை. இதுவரை மூன்று எண்கள் வந்திருக்கின்றன.

சென்ற வாரம் ஒரு மாலை நான் போயிருந்தேன். மூன்றாவது ரிப்போர்ட் அன்றுதான் வந்திருந்தது. மரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வரப்போறத கணக்கு பண்ற டீச்சராச்சே நீ. சொல்லு, எனக்கு இன்னும் எத்தினி நாளு?"

"மூணு எண்ண வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"மூணும் ஏறிக்கினுதான இருக்குது?"

ஷாரோன் ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டாள்.

"எத்தினி எண்ணு இருந்தா சொல்லுவ?"

"நெறைய வேணும்மா."

"அப்போ எடுத்துக்கினே இரு" என்றார் மரியம்மாள்.

ஷாரோன் விளக்கைப் போட்டு, தரையில் உட்கார்ந்து, இருக்கும் ஒரு பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள்.