கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் மதகு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில், ஒரு நைலான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"லைனை டைட்டா பிடி! ஐயோ, இவ்ளோ டைட்டா இல்ல... லூஸ் விடு, லூஸ் விடு!"

கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் தூண்டிலோடு நான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரேசன் சார் திரும்பிப் பார்த்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். கவுன்ட்டர் மூடிய பிறகு வந்த கஸ்டமரைப் பார்க்கும் பார்வை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

"சார், கயித்துக்கு வெளியில இருந்து கோச்சிங் குடுக்கக் கூடாது. ரூல் இருக்கு."

"யார் சார் போட்டது அந்த ரூலை?"

"நீங்கதான் சார்."

உண்மைதான். ரூல் போட்டவர் அவர். கயிறு வாங்கி வந்தவரும் அவர். எங்கள் காலனி தூண்டில் குழுவின் செயலாளரும் அவரேதான்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வாரம் முழுக்க சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஞாயிறு வந்தால் மனிதர் வேட்டைக்காரராகிவிடுவார். காட்டுக்குள் துப்பாக்கியோடு போனால் ஜெயில். ஆகவே நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேட்டை, தூண்டில்தான். எங்கள் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் நல்ல மனிதர். ஞாயிறு காலையில் மட்டும் காலனிக்காரர்கள் தூண்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். ஜிலேபி மீன் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மற்றதெல்லாம் திரும்ப ஏரிக்கே.

முதலில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். அப்புறம் ஒருவர் ரீல்ஸ் போட்டார். அவ்வளவுதான்... கேம்ப் ரோடு டிராஃபிக் அப்படியே கரைக்கு வந்துவிட்டது.

எல்லோருக்கும் மதகு ஓரம்தான் வேண்டும். அங்கேதான் ஆழம், அங்கேதான் நிழல், அங்கேதான் விரால். ஆனால் உட்கார இடம் கொஞ்சம்தான். அறுந்த தூண்டில் நரம்பை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அது ஒரு நாரையின் காலில் சுற்றிக்கொண்டு, பாவம், அது பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. விரால் ஒரு பாசக்கார மீன். குஞ்சுகள் சிவப்பாகக் கொத்தாக நீரின் மேலே வரும்போது, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியில் அல்ல, பிள்ளைகளுக்கு ஏதோ ஆபத்து என்று. அந்தச் சமயத்தில் விராலைப் பிடிக்கத் திறமையே வேண்டாம். பிடித்தவர் ஃபோட்டோ எடுத்து முடிப்பதற்குள் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் என் வீட்டுக்காரர் ரூல் போட்டார். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து அட்வான்ஸ்டு ட்ரெயினிங். தேர்வில் பாஸானவர்களுக்கு ஒரு கார்டு. கார்டு உள்ளவர்களுக்கு ஆறு மணி முதல் எட்டு மணி வரை மதகு. மற்றவர்கள் எட்டுக்கு மேல் வரலாம். எட்டுக்கு மேல் வெயில் ஏறி, மீனெல்லாம் அடியில் போய்விடும். கடைசிப் பந்தியில் உட்கார்வது மாதிரிதான். இலை கிடைக்கும், பாயசம் கிடைக்காது.

"ஒழுங்கா கத்துக்கிட்டவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று அவர் கேட்டபோது கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். நியாயமாகத்தானே இருந்தது?

பயிற்சி ஒரு வெள்ளி, சனி. ஆள் ஒன்று குறைகிறது, இல்லையென்றால் பயிற்சியாளர் வரமாட்டார் என்று கடைசி நேரத்தில் என் வீட்டுக்காரர் என் பெயரையும் சேர்த்துவிட்டார். குழம்பில் கிடக்கும் மீனைத் தவிர வேறு மீனைத் தொட்டறியாதவள் நான்.

தேர்வு நாள். ஒரு மீனைப் பிடித்து, வாயில் மாட்டிய தூண்டில் முள்ளை எடுத்து, திரும்ப விட வேண்டும். என் தூண்டிலில் ஒரு கெண்டை மாட்டியது. துள்ளியது. எனக்கு உயிரே போய்விட்டது. கை ஏற்கெனவே வியர்த்து, தண்ணீரில் நனைந்து சொதசொதவென்று இருந்தது. தண்ணீருக்குள் வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு முள்ளைக் கழற்றி, "போ தாயே, போ" என்று விட்டுவிட்டேன்.

பயிற்சியாளர் எல்லோரையும் கூப்பிட்டார். "பாத்தீங்களா? ஈரக் கையோட தொட்டாங்க, மீன் மேல இருக்கிற வழவழப்பு போகாது. மீனை வெளியவே எடுக்கல. இதுதான் மேடம், இதுதான்!"

பயத்துக்கு டிஸ்டிங்க்ஷன் கொடுத்த தேர்வு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது என் வீட்டுக்காரர். அருமையான வீச்சு. ஒரு நல்ல விரால். தூக்கினார். பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்தார். மீனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இடதுபக்கம் ஒரு செல்ஃபி, வலதுபக்கம் ஒரு செல்ஃபி... பயிற்சியாளர் வாயே திறக்கவில்லை. பேனாவை மட்டும் திறந்தார்.

ஃபெயில்!

அதன் விளைவுதான் நான் முதலில் சொன்ன காட்சி. அன்று எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். கல்யாணமான நாளிலிருந்து காரை ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர், காஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தவர், இன்று கயிற்றுக்கு வெளியே நிற்கிறார். யாருக்குத்தான் கொஞ்சம் இனிக்காது, சொல்லுங்கள்?

அந்த இனிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் வந்தார். கரீம் பாய். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் அவர் கடை வாஷர் போடாத குழாயே கிடையாது. ஞாயிறும் கடை உண்டு, எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கியாக வேண்டும். அதற்கு முன் கொஞ்ச நேரம் மதகுப் பக்கம் வந்து உட்கார்வார். பெரிய தூண்டில்காரர் எல்லாம் இல்லை. ஏதாவது மாட்டினால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஸ்கூட்டரை நிறுத்தினார். கயிற்றைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் தூண்டிலை உறையிலிருந்து எடுக்காமலே கிளம்பிப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "இது அநியாயம்! இத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ் எனக்கு. ஒரே ஒரு தேர்வை வெச்சு எப்படி முடிவு பண்ணலாம்?"

"கரீம் பாயும்தான் வெளியில நின்னாரு."

"அவரு ட்ரெயினிங்குக்கே வரலையே."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வெச்சா எப்படிங்க வருவாரு? தொழுகைக்குப் போவாரா, உங்க கிளாஸுக்கு வருவாரா?"

அவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். "அட... அது எனக்குத் தோணவே இல்லையே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் கை தட்டிய எனக்கும் தோன்றவில்லை.

நம்மில் பலர் இப்படித்தான். கயிறு அடுத்தவரைத் தடுத்தால் அதற்குப் பெயர் ஒழுங்கு. நம்மைத் தடுத்தால் அநியாயம்.

மறுவாரம் காலனி பார்க்கில் கூட்டம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு கரீம் பாயும் வந்திருந்தார். ரூலை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். சுந்தரேசன் சார் எழுந்துவிட்டார். "கார்டு வந்த பிறகு கரையில ஒரு அறுந்த நரம்பு கிடந்துதா? குஞ்சோட இருக்கிற விராலை யாராவது தொட்டாங்களா? ரெண்டு நாள் ஒதுக்கி, பாடம் படிச்சு, பாஸ் பண்ணவங்க நாங்க. எல்லாரையும் ஒண்ணா விடுறதுன்னா எதுக்கு சார் தேர்வு?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் தொல்லையே.

"பாய், நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கித்தான் எழுந்தார். "படிச்சவங்களுக்கு முதல்ல இடம் குடுக்கறதை நான் வேணாம்னு சொல்லலக்கா. கடையில நாள் முழுக்க டேப் லீக்கு, டேங்க் லீக்கு, மோட்டர் லீக்குன்னு ஒரே பேஜாரு. தண்ணி லீக்காம சும்மா கிடக்கறதைப் பாக்கறது இங்க மட்டும்தான். எனக்கு இருக்கறதே அந்த ஒரு நேரம். எட்டு மணிக்கு மேல மதகையே எழுதிக் குடுத்தாலும் நான் இன்னா பண்றது?"

சிரித்தோம்.

எனக்கு ஒன்று தோன்றியது. ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறவருக்கு எல்-போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்து போவதில்லையா? "கார்டு இருக்கிறவங்களுக்கு மதகு இருக்கட்டும். ஆனா தனியா வரக் கூடாது. கார்டு இல்லாத ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சு, கத்துக்கிட்டதைச் சொல்லிக் குடுக்கணும். அவர் தப்புப் பண்ணா பொறுப்பு கார்டுக்காரருக்கு. சலுகை வேணும்னா இந்த வேலையும் சேத்துத்தான்" என்றேன்.

சுந்தரேசன் சார் யோசித்தார். "ஜாமீன் கையெழுத்து மாதிரி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஞாயிறு விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, தொப்பி மாட்டி ரெடியாக நின்றார்.

"நீங்க எங்கே கிளம்பிட்டீங்க?"

"மதகுக்குத்தான். உன் கூட."

"நான் கரீம் பாயை வரச் சொல்லியிருக்கேனே."

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. "அவருக்கு அந்த ஒரு நேரம்தாங்க. உங்களுக்கு ஞாயிறு முழுக்க இருக்கு. எட்டு மணிக்கு மேல தூண்டில் போடுங்க... பாய் கிளம்பறதுக்குள்ள எங்களுக்குக் காப்பி எடுத்துட்டு வாங்க."

அன்று கரீம் பாய்க்கு எதுவும் மாட்டவில்லை. நடுவில் சிவப்பாகக் குஞ்சுக் கொத்து ஒன்று மேலே வந்தது. நான் சொல்வதற்கு முன் தூண்டிலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அது தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்குக் கிளம்பும்போது, "போதும்கா, இந்த வாரம் ஓடிடும்" என்றார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும் நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தார். உர்ரென்றுதான் இருந்தார். ஆனாலும் முதல் டம்ளரை பாயிடம்தான் நீட்டினார். "பாய், அடுத்த பேட்ச் ட்ரெயினிங்கை ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்திட்டேன். கடையை மூடிட்டு வந்துடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிடலாம்."

"சார், நீங்க பக்கத்துல உக்காந்தா எனக்கு தைரியம்" என்றார் கரீம் பாய். ஃபெயிலானவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன தைரியமோ!

இப்போது இருவரும் கடை ஷட்டரை இறக்கிவிட்டுச் சேர்ந்து படிக்கிறார்கள். பாஸாகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருக்கிறேன்.

பின்னே? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வரை தூங்குவதைவிடப் பெரிய சலுகை இந்த உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?